நேற்றைக்குத் திரும்பும் கம்ப்யூட்டர்

ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் கம்ப்யூட்டர் வெறும் கறுப்புத் திரையோடு நிற்கிறது. லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள் இதற்குப் பதற வேண்டியதில்லை. அதிலேயே 'டைம்ஷிஃப்ட்' இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் ஒரு 'ஸ்நாப்ஷாட்' எடுத்திருந்தால் போதும். மின்ட் இன்ஸ்டால் செய்த பென் டிரைவில் பூட் செய்து, டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் சிஸ்டம் பழைய நிலைக்கு வந்துவிடும். விண்டோஸில் இந்த வேலைக்கு 2000-லேயே 'சிஸ்டம் ரீஸ்டோர்' வந்துவிட்டது. பல கம்ப்யூட்டர்களில் அது ஆஃப் ஆகியே கிடக்கிறது என்பதுதான் வேடிக்கை! ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி, சி டிரைவுக்கு ஆன் செய்துவிடலாம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டைம்ஷிஃப்ட் சிஸ்டம் ஃபைல்களைத்தான் காக்கும். கல்யாண போட்டோ, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் இருக்கும் 'ஹோம்' ஃபோல்டரை, நீங்களாகச் சேர்த்தால் ஒழிய, தொடாது. சேர்த்தால் வேறு வம்பு: சிஸ்டத்தைப் போன வாரத்துக்குத் திருப்பும்போது, இந்த வாரம் எழுதியதெல்லாம் காணாமல் போய்விடும். தவிர, ஸ்நாப்ஷாட்டும் அதே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், டிஸ்க் போகும்போது அதுவும் கூடவே போகும். போட்டோக்களுக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை காப்பி எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.