சைக்கிள் கொடுத்தால் போதுமா?

படுவான்கரை மக்களுக்குச் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. வயலுக்குப் போகவும், விறகு கட்டி வரவும், பாலையும் மரக்கறியையும் எழுவான்கரைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவும் அதுவே துணை. 1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் ஊரை விட்டு ஓடிய குடும்பங்கள் பலவற்றின் சட்டி பானையையும் முதியவரையும் சுமந்து வந்தது அதுதான். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, சைக்கிளை மறந்திருந்தவர்களும் அதைத் தேடிப் போனார்கள்.

ஆகவே, இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்களுக்குச் சைக்கிள் வழங்குவது நல்ல உதவி என்பதில் எமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வழங்கிய பின்னர் அதை யார் ஓடுகிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். இளம் பெண்கள் ஓடுகிறார்கள். நடுத்தர வயதைத் தாண்டிய தாய்மாரும், உடல் பருத்தவர்களும், பால் கொடுக்கும் தாய்மாரும் பலர் அதை உருட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அல்லது மகன் வரும்வரை கரியரில் ஏறக் காத்திருக்கிறார்கள். வெட்கம், பயம், வயது என்று சொல்லி இதை நாம் விட்டுவிடுகிறோம். உடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சீலை உடுத்தவர் சைக்கிளில் ஏறினால் கொய்யகம் செயினிலும் முந்தானை பின் சில்லிலும் சிக்கக்கூடும். செயின் கவர் கழன்ற பழைய சைக்கிளில் ஆபத்து இன்னும் அதிகம். நீளப் பாவாடை மிதிக்கும்போது முழங்காலுக்கு மேலே ஏறுகிறது. அதைப் பிடிக்க ஒரு கை போய்விடுகிறது. பிரேக்கில் இருக்க வேண்டிய கை அது. கிரவல் வீதியில், எதிரே மணல் ஏற்றிய டிப்பர் வரும்போது, ஒரு கையால் ஹாண்டிலைப் பிடிப்பது எத்தகையது என்பதை எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

“அப்படியென்றால் பஞ்சாபி போடலாமே” என்பார்கள். போடலாம், அளவாகக் கிடைத்தால். கடையில் தொங்கும் உடுப்பு ஒரு மாதிரி உடலுக்கு வெட்டி, அதையே ஒரே கணக்கில் கூட்டியும் குறைத்தும் தைக்கப்படுவது. மனித உடல் அந்தக் கணக்கில் வளர்வதில்லை. ஒருவருக்கு இடுப்புப் பெரிது, தோள் சிறிது. இன்னொருவருக்குத் தொடை பருமன், கால் குட்டை. நாலு பிள்ளை பெற்ற வயிறு வேறு, பெறாத வயிறு வேறு. மேலும் கடை உடுப்பு நின்ற நிலைக்கு வெட்டப்படுவது. சீற்றில் குந்தி முன்னே சாய்ந்தால் பின்பக்கம் கீழே இழுபடும். கவட்டில் தையல் விடும். நடுச்சந்தியில் ஒரு தடவை தையல் விட்ட பெண் மறுபடியும் சைக்கிளில் ஏறுவாரா?

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் அரசன் தன் போர்க்கவசத்தை அணிவித்த கதையை நாம் அறிவோம். கவசம் நல்லதுதான், கொடுத்தவரின் மனமும் நல்லதுதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தாவீதால் நடக்க முடியவில்லை. கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன பின்னர் எமது கரைக்கு வந்து குவிந்த பழைய உடுப்புகளை நினைத்துப் பாருங்கள். குளிர் தேசத்துக் கம்பளிச் சட்டைகளும் அவற்றில் இருந்தன. உடுப்பவரின் அளவைக் கேட்காமல் கொடுக்கும் உதவி மூட்டையாகவே கிடந்துவிடும்.

இது எமது பெண்களுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஓடத் தொடங்கியபோது, நீளப் பாவாடையை விட்டுக் கால்பிரிந்த உடுப்பு அணிந்தவர்களைப் பத்திரிகைகள் கேலி செய்தன. 1894இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி என்ற தாயும் நீளப் பாவாடையோடுதான் தொடங்கினார். பயணத்தின் இடையே அதை மாற்றிக்கொண்டார். எமக்கு அருகே, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஓடப் பழகினார்கள். அவர்களில் பலர் பெண்களுக்கென்று செய்த சைக்கிளை விட ஆண்களின் சைக்கிளையே விரும்பினார்கள். அதன் குறுக்குச் சட்டத்தில் பிள்ளையை இருத்தலாம் என்பது காரணம். தமக்கு எது வேண்டும் என்பதை ஓடுபவரே அறிவார்.

எனவே எமது கருத்து இது: ஆயத்த உடுப்பு வாங்கிப் பங்கிட வேண்டாம். துணியையும் தையற்கூலியையும் கொடுத்து, ஊரிலேயே ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்க வேண்டும். மருதமுனையில் கைத்தறி நெய்கிறார்கள். ஊர்களிலே தையல் பயிற்சி பெற்றும் வேலையில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆடையே பெரிய கைத்தொழில் ஏற்றுமதியாக இருக்கும் நாட்டில், எமது தாய்மாருக்கு அளவான உடுப்பு இல்லை என்பது சரியா?

அளவெடுக்கும் முறையும் மாற வேண்டும். ஓடுபவரைக் கதிரையில் இருத்தி, முழங்காலை மடிக்கச் செய்து அளவெடுங்கள். பின்பக்க உயரம் முன்பக்கத்தை விடக் கூடுதலாக இருக்கட்டும். கவட்டில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் தையல் விடாது, சீற்றில் உரசாது. வலது காலின் விளிம்பு ஒடுக்கமாக இருக்கட்டும், செயின் அந்தப் பக்கம். மேற்சட்டை முழங்காலைத் தாண்ட வேண்டாம். இருபக்கமும் வெட்டு இருந்தால் விரிந்து கொடுக்கும். இடுப்புக்கு நாடா போட்டால் உடல் மாறினாலும் உடுப்பு உதவும். உள்ளே ஓரங்குலம் துணி விட்டால் பிறகு பிரித்துப் பெருப்பிக்கலாம். பால் கொடுப்பவருக்கு முன்பக்கம் திறப்பு வேண்டும். முழுதாக மூடி உடுக்க விரும்புபவருக்கு அப்படியே தையுங்கள். சீலையை விட விரும்பாத பெரியம்மாவுக்குச் செயின் கவரையும் பின் சில்லுக்கு வலையையும் பூட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆளுக்கு இத்தனை யார் என்று ஒரே கணக்கில் துணி வெட்டிக் கொடுத்தால், பருத்தவருக்கு அங்கேயே அநீதி தொடங்குகிறது. கூடுதல் துணி அவருக்குச் சலுகை அல்ல, அவருடைய தேவை.

“சாப்பாட்டுக்கே வழியில்லை, உடுப்புக்கு அளவா?” என்று கேட்பவர் உண்டு. வயலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வதும், பால் புளிக்கும் முன் விற்பதும்தான் சாப்பாட்டுக்கு வழி. “ஊர் என்ன சொல்லும்?” என்பவரும் உண்டு. உடுப்பு ஒழுங்காகப் பொருந்தினால் ஊர் சொல்வதற்கு ஒன்றும் இராது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுதான். அடுத்த கூட்டத்தில் ஓர் அளவுக் கொப்பியைத் திறவுங்கள். சைக்கிளில் ஏறாத பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். உதவிக்கு விண்ணப்பிக்கும்போது சைக்கிளின் விலையோடு துணியின் விலையையும் தையற்கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.