காணியில போட்ட காசு

"காணி, வீட்டில போட்ட காசுக்கு நட்டம் வராது" எண்டு எங்கட ஊரில சொல்லாத ஆளில்லை. வாங்கோ, கணக்கைப் பாப்பம்.

திருநெல்வேலியில் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை விடவென ஒருவர் இரண்டு கோடிக்கு வீடு வாங்குகிறார் என்று வைப்போம். ஆறு அறை, அறைக்கு மாதம் 12,000 ரூபா. வருடத்துக்கு 864,000. மோட்டர் திருத்தம், பெயின்ற், ஆளில்லாத நாட்கள் போக எட்டு இலட்சம் மிஞ்சினால் பெரிய விசயம். போட்ட காசுக்கு 4 வீதம். அதில் பாதி வங்கிக் கடன் என்றால், 12 வீதப்படி முதல் வருட வட்டியே 12 இலட்சத்துக்குக் கிட்ட வரும். மாறும் வட்டி என்றால் இன்னும் பயம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 வீதப் புள்ளி கூட்டினது.

ஆனாலும் வாங்குகிறார்கள். "விலை ஏறும்தானே!" பக்கத்து வளவு என்ன விலைக்குப் போனது என்று விசாரிக்கிறார்கள், வாங்கினவர் பவுண்ஸில் உழைக்கிறவரா, கடன் எடுத்தவரா என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால், கடனில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வாடகையைத்தான்.

துண்டு விழுகிற நாலு இலட்சத்துக்கு வீட்டுக்காரர் முதலில் கை வைப்பது எங்கட அறையில. ஆறாகப் பிரித்தால் அறைக்கு மாதம் 5,500 கூட. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவுக்குக் கூட்டினது 2,500.