காய்ந்த வேம்பும் தொடரும் தர்மமும்



நாம் வாழும் மாகறலில் ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்த முதிய வேம்பு, சென்ற மழைக்காலத்தின் இறுதியில் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. தீப்பட்டது போல் இலைகள் சுருண்டு உதிர்ந்தன. மரம் செத்துவிட்டதென்று வீட்டார் முடிவு செய்து, வெட்டுவதற்கு ஆளையும் அழைத்துவிட்டனர். அதை நட்டவர் அவ்வீட்டின் மர்ஹூம் பாட்டனார். இரண்டு மாதம் பொறுத்திருக்குமாறு நாம் கேட்டுக்கொண்டோம். பங்குனியில் மரம் மீண்டும் தளிர்த்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் மனனம் செய்கின்றனர். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நடுவதன் சிறப்பைப் பேசும் நாம், நட்டதைக் காப்பதைப் பற்றி ஏன் பேசுவதில்லை? வேப்பம்பழத்தைத் தின்னவரும் குயிலும் மைனாவும் நம் முன்னோரின் நன்மைக் கணக்கில் வரவு வைக்கின்றன என்றால், அவசரத்தில் வீசும் கோடரி அக்கணக்கை மூடுகிறது.

வேம்பு கருகுவதற்கு இரு காரணங்கள் பொதுவானவை. ஒன்று, ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நுனிக்கருகல். இது மழையோடு தொடங்கிப் பனிக்காலத்தில் கடுமையாகும். மற்றொன்று, இளந்தளிர்களின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு. இவை இரண்டும் நுனிக் கிளைகளையே பெரிதும் தாக்குகின்றன. அடிமரமும் வேரும் நலமாயிருந்தால் மரம் பெரும்பாலும் மீண்டுவிடும். பட்டையை நகத்தால் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அங்கு உயிர் இருக்கிறது.

ஆனால் அந்த வேரையே நாம் நெரிக்கிறோம். முற்றத்தை அழகுபடுத்துவதாக எண்ணி அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசுகிறோம். விளம்பரப் பலகைக்கும் விளக்குச் சரத்துக்கும் ஆணி அடிக்கிறோம். குப்பையை அடியிலேயே குவித்து எரிக்கிறோம். பிறகு, நோய் வந்து மரம் பட்டதென்கிறோம்.

செய்யவேண்டியவை எளியவை. அடிமரத்தைச் சுற்றிச் சில அடி அகலத்துக்கேனும் மண்ணைத் திறந்து வையுங்கள். கருகிய சிறு கிளைகளை மழையில்லாத நாளில் கவாத்து செய்து, மரத்திற்குத் தொலைவில் எரித்துவிடுங்கள். கோடையில் சோப்புக் கலவாத ஒளு நீரை வேர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். ஆனால் அது தேங்கக் கூடாது.

அடக்கத்தலத்து மரங்களைப் போற்றும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. பிரிட்டனின் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் பல நூற்றாண்டு கண்ட யூ மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கும் வேரடியில் நீர் தேங்குவது ஆகாது. ஸ்காட்லாந்தின் ஃபோர்டிங்கல் என்னும் ஊரிலுள்ள யூ மரத்திலிருந்து, வந்தவரெல்லாம் நினைவுக்கென்று துண்டு துண்டாக வெட்டிச் சென்றனர். இன்று அது மதில் சூழக் காக்கப்படுகிறது. நம் மையவாடிகளில் கப்ருகளுக்கு நிழல் தரும் வேம்புக்கும் புங்கனுக்கும் அத்தகைய காவல் உண்டா? வக்ஃப் நிலத்து மரம் அமானிதம். தனியொருவர் விருப்பத்திற்கு வெட்ட உரியதன்று.

அடிமரம் உளுத்து, வீட்டின் மீதோ வழிப்போக்கர் மீதோ சாயும் நிலையிலுள்ள மரத்தை அகற்றுவதே கடமை என்பதையும் நாம் மறுக்கவில்லை. மனித உயிர் அதனினும் பெரிது. அப்போதும் அறிந்தவரிடம் காட்டி, உறுதி செய்த பின்னரே வெட்டுங்கள். வெட்டிய இடத்தருகே ஒரு கன்றையும் நடுங்கள்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற நிழலைப் பாதுகாத்து, நமக்குப் பின் வருவோருக்கும் ஒரு நிழலை விட்டுச்செல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.