இடமிருப்பின்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபோது, பழந்தமிழ் நூலொன்றன் சுவைபற்றியே யான் எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியனொருவன் ஆகாய விமானத்தின் முதல் வகுப்பைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். அவ்வகுப்பில் யான் ஒருநாளும் இருந்தவனல்லன். இனி இருக்கப் போவதாகவும் தோன்றவில்லை. எனினும், சென்ற ஆண்டு கல்லூரியைக் காணவந்த பழைய மாணவரொருவர், என்னோடு ஒரே வாங்கிலிருந்து கற்றவர், கூறிய செய்தியொன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. நம் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனராதலின், இம்மலரில் அதனைப் பேசுதல் தகாதது அன்றெனத் துணிந்தேன்.

நண்பர் ஐக்கிய அமெரிக்காவில் கணினித் தொழில் புரிபவர். திங்கட்கிழமை காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டால் வியாழன் இரவே மீள்வார். பதினைந்து ஆண்டுகளாக இதுவே அவர் வாழ்வு. ஒரே விமானக் கம்பனியிற் செல்வதால் அக்கம்பனி அவருக்கு உயர்ந்த சிறப்புநிலையொன்றை வழங்கியிருக்கின்றது. அந்நிலை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். டிசெம்பர் மாதத்திற் கணக்குப் பார்த்தபோது இன்னுஞ் சில நூறு டொலர் செலவிட்டாலன்றி நிலை ஒருபடி தாழுமென்று கண்டார். ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலை விமானமேறி மறுகரையிலுள்ள நகரமொன்றுக்குச் சென்றார். விமான நிலையத்தைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு பணிஸ் உண்டு, கோப்பி குடித்து, அன்றிரவே திரும்பினார்.

"அங்கே யாரைக் கண்டீர்?" என்று கேட்டேன்.

"ஒருவரையுங் காணவில்லை" என்றார். அன்று தம் மகளின் பிறந்த நாளென்பதையும் தாமாகவே கூறிப் பின் பேச்சை மாற்றிக்கொண்டார்.

திரும்பும்போது, விமானத்துக்குச் செல்லும் வாயிலருகே தொங்கும் திரையில், முதல் வகுப்புக்கு உயர்த்தப்படக் காத்திருப்போர் நிரல் தெரிந்தது. நண்பரின் நீண்ட பெயர் முதல் மூன்றெழுத்தாகச் சுருங்கி முப்பத்தொராவது இடத்தில் நின்றது. எஞ்சியிருந்த ஆசனமோ ஒன்று.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணத்தையும் மார்க்கத்தையும் அரசாங்கச் சபையே நிருணயித்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கிற்று. கம்பனிகள் ஒன்றோடொன்று விலையாற் போட்டியிடத் தொடங்கின. வாடிக்கையாளர் மலிவு கண்டவிடத்துக்குத் தாவாமற் காக்கும் வழிதேடி, 1981ஆம் ஆண்டு மே முதலாந் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. சில நாளுள் யுனைற்றெட் கம்பனி பின்தொடர்ந்தது. பறந்த மைல்களைச் சேர்த்தால் இலவசப் பிரயாணம் கிடைக்குமென்பதே முதலில் இருந்த ஏற்பாடு. பின்னர் மிகுதியாகப் பறப்போரைப் படிநிலைகளாக வகுத்தனர். வெள்ளி, பொன், பிளாற்றினம், வைரம் என்பன டெல்டாக் கம்பனி இட்ட பெயர்கள். இந்நிலையினர்க்கு வழங்கும் சலுகைகளுள் யாவரும் விரும்புவது, சாதாரணச் சீட்டோடு வந்தவரை விலை பெறாது முதல் வகுப்பில் அமர்த்துவதாகும். இதனை வகுப்பேற்றமென்று யான் அழைப்பேன். நம் பாடசாலை வழக்கில் உள்ள சொல்லே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பாடசாலையிற் சோதனையிற் சித்தியடைந்தார் அனைவரும் வகுப்பேறுவர். இங்கே சித்தியடைந்த பின்னரும் கதிரை இருந்தாலன்றி ஏறல் இயலாது.

அக்கதிரைக் கணக்கைச் சிறிது பார்ப்போம். டெல்டாவின் போயிங் 737-800 விமானத்தில் 160 ஆசனங்கள் உள்ளன. அவற்றுள் முதல் வகுப்புக்கு உரியன 16. 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இவ்வகை ஆசனங்களுள் நூற்றுக்குப் பதினைந்துக்குங் குறைவானவையே விலைப்பட்டன. இப்போது எழுபதுக்கு மேல் விலைப்படுகின்றன. இஃது அக்கம்பனியின் தலைமையோர் முதலீட்டாளர்க்கு மகிழ்ச்சியோடு எடுத்துரைத்த கணக்கு. அஃதாவது முன்னர்ப் பதினாறில் ஏறக்குறையப் பதினான்கு கதிரைகள் வாடிக்கையாளர்க்கு எஞ்சின. இன்று எஞ்சுவன நான்கு அல்லது ஐந்து. அவையேனும் எஞ்சுகின்றனவா எனின், விமானம் புறப்படுமுன் மற்றைப் பிரயாணிகளிடம் கைத்தொலைபேசி வாயிலாக, "சிறுதொகை கூடத் தந்தால் முதல் வகுப்பு" என்று விலைகூறி அவற்றிலும் சிலவற்றை விற்றுவிடுகின்றனர். நிலையுடையார்க்கு ஒதுக்குதல் ஐந்து நாளுக்கு முன்னரே தொடங்குமென விதி கூறும். வைரமும் பிளாற்றினமும் முதலில், பொன் மூன்று நாளுக்கு முன், வெள்ளி ஒரு நாளுக்கு முன். வெள்ளி நிலையினர் முறை வரும்போது பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று.

கதிரை குறைந்தது ஒருபுறம். நிலைபெற்றோர் பெருகியது மற்றொருபுறம். கம்பனிகள் தம் பெயரால் வங்கிகளுடன் சேர்ந்து கடனட்டை வழங்குகின்றன. மைல்களை வங்கிக்கு மொத்தமாக விற்கின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் டெல்டாவுக்குச் செலுத்திய தொகை 700 கோடி டொலருக்கு மேல். அவ்வாண்டு டெல்டா ஈட்டிய நிகர இலாபத்தினும் அஃது அதிகம். 2020ஆம் ஆண்டு நோய்ப்பரவலால் விமானங்கள் நிலத்திற் கிடந்தபோது யுனைற்றெட் கம்பனி தன் மைல் திட்டத்தை ஈடுவைத்துக் கடன் பெற்றது. அத்திட்டத்துக்கு இட்ட மதிப்பு ஏறக்குறைய 2,200 கோடி டொலர். கம்பனியின் பங்குகள் அனைத்துக்கும் அப்போது சந்தையிலிருந்த விலையினும் மிகுதி! விமானத்தை விட வாக்குறுதி விலைகூடியதாயிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதந் தொட்டு அமெரிக்கன் எயர்லைன்ஸ் திட்டத்தில், அட்டையாற் செலவிடும் ஒவ்வொரு டொலரும் சிறப்புநிலைக்குரிய புள்ளியாகக் கணிக்கப்படுகின்றது. விமானத்தில் ஏறாமலே, கடையில் அரிசியும் பருப்பும் வாங்கியே ஒருவர் உயர்நிலை எய்தலாம். அவரும் பின்னர் என் நண்பரோடு அத்திரையின் முன்னே வந்து நிற்பார்.

கம்பனிகளும் இந்நெரிசலை அறியும். 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் டெல்டா, வைர நிலைக்கு ஆண்டுதோறும் செலவிட வேண்டிய தொகையை 20,000 டொலரிலிருந்து 35,000 டொலராக உயர்த்தப் போவதாக அறிவித்தது. எழுந்த கூக்குரலைக் கேட்டுத் தலைமை அதிகாரி எட் பாஸ்ரியன் அளவு மீறிவிட்டதை ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் அத்தொகை 28,000ஆகக் குறைக்கப்பட்டது. அதுவும் முன்னிருந்ததனினும் 8,000 கூடுதல் என்பதை மறந்து பலர் நன்றி கூறினர். சந்தையில் விலை பேசும் முறை அறிந்தார்க்கு இது புதிதன்று.

இனி என் துறைக்கு வருகின்றேன். இத்திட்டங்களின் விதிகள் அனைத்திலும், ஆசனம் இருப்பின் தரப்படும் என்ற பொருளுடைய தொடரொன்று தவறாது நிற்கும். "இருப்பின்" என்பது செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சம். நன்னூலார் இதனை எதிர்கால வினையெச்சங்களுள் வைத்தார். "மழை பெய்யின் பயிர் விளையும்" என்று மாணவர்க்கு உதாரணங் காட்டுவோம். இத்தொடர் மழை பெய்யுமென்று கூறவில்லை, பெய்யாதெனவுங் கூறவில்லை. மழையின் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. பயிர்த் தொடரில் இதனாற் கேடில்லை. மழை உழவன் கையிலும் இல்லை, தொடரைச் சொன்னவன் கையிலும் இல்லை. விமானத் தொடரிலோ "ஆசனம் இருத்தல்" என்னும் வினைக்கு உண்மைக் கருத்தா யார்? சொன்னவனேயன்றோ? ஆசனத்தை வைத்திருப்பவனும் அவன். விற்று ஒழிப்பவனும் அவன். "நான் விரும்பின் தருவேன்" என்பதைத்தான் "இருப்பின் தருவேன்" என்று எழுதியிருக்கின்றான். என் மாணவனொருவன் வினைமுதலை இவ்வாறு மறைத்து எழுதினால் சிவப்பு மையாற் கோடிடுவேன்.

நீதிமன்றத்தில் இது செல்லுமோ என்று நண்பரை வினவினேன். செல்லாது என்றார், பின்னர் யானும் தேடிப் படித்தேன். நோத்வெஸ்ற் கம்பனியின் பிளாற்றின நிலை பெற்றிருந்த யூத மதகுரு ஒருவரை, அவர் மிகையாக முறையிடுகின்றாரென்று 2008ஆம் ஆண்டு அக்கம்பனி திட்டத்திலிருந்து நீக்கிற்று. ஒப்பந்தஞ் செய்தோர் நன்னம்பிக்கையோடு ஒழுகல் வேண்டும் என்னும் பொதுநெறியைக் காட்டி அவர் வழக்காடினார். 2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து, 1978ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வழக்குக்குத் தடையென்று தீர்த்தனர். கம்பனி தானே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை மீறினால் வழக்குண்டு. இஃது 1995ஆம் ஆண்டிலேயே முடிந்த முடிபு. எழுத்துக்கு அப்பாற்பட்ட நன்னம்பிக்கைக்கு வழக்கில்லை. மனக்குறை உடையோர் வேறொரு கம்பனியை நாடலாமென்றும் அத்தீர்ப்பிற் குறிப்புண்டு. ஆகவே அந்நாட்டில் எழுத்தே எல்லாம். எழுத்தில் இருப்பதோ "இருப்பின்". நான்கு பெருங் கம்பனிகளின் திட்டங்களை ஆராயுமாறு 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் போக்குவரத்துத் திணைக்களம் உத்தரவிட்டது; முறையிட விரும்புவோர்க்கு உள்ள வாயில் அத்திணைக்களமே.

கம்பனியின் பக்கத்தில் நியாயம் இல்லையென்று யான் கூறவில்லை. முதல் வகுப்புக்கு விலைகொடுப்பவன் வந்திருக்க, கொடாதவனுக்கு அதனை ஏன் ஈதல் வேண்டும்? நம் நாட்டு அரசாங்க உத்தியோகத்தர்க்கு வழங்கும் புகையிரத ஆணைச்சீட்டிலும் சம்பளத்துக்கேற்ப வகுப்புண்டு; இரண்டாம் வகுப்பென்று எழுதியிருந்தால் இரண்டாம் வகுப்பே. முதல் வகுப்புப் பெட்டி வெறிதாய் ஓடினாலும் எவரும் அழைத்து இருத்துவதில்லை. அதனால் எவரும் மேடையில் நின்று ஏங்குவதுமில்லை. விற்கக்கூடியதை விற்றல் வணிகனுக்குக் குற்றமன்று. ஆனால் பதினாறில் பதினொன்றை விற்றபின்னரும், பதினான்கு எஞ்சிய நாளிற் சொன்ன அதே சொல்லைச் சொல்லி அட்டை விற்பது குற்றமே. சாடி சிறுத்தபோது சாடியின் மேலொட்டிய எழுத்தையும் மாற்றுதல் முறை.

மற்றொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. நண்பர் சேர்த்த புள்ளிகளிற் பெரும்பாலன அவர் பணத்தால் வந்தனவல்ல. தொழில் தருவோன் வாங்கிய சீட்டுகளால் வந்தவை. மலிவான விமானம் வேறிருக்கவும், தம் நிலைக்காக விலைகூடிய விமானத்தையே தெரிந்ததுண்டென்று அவர் ஒளியாது சொன்னார். பணம் ஒருவனுடையது, பரிசு மற்றொருவனுக்கு! இதற்கு நம் ஊரில் வேறு பெயருண்டு. நண்பர் என்பதால் அதனை எழுதாது விடுகின்றேன். ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டு, அரசாங்கப் பிரயாணத்தாற் சேர்ந்த மைல்களைத் தம் சொந்தப் பிரயாணத்துக்குச் செலவிட்டமை வெளிப்பட்டதும், பேர்லின் மாநில அமைச்சராயிருந்த கிரெகோர் கீசி பதவி துறந்தார். நோர்வே அரசு அதே ஆண்டில் உள்நாட்டுப் பிரயாணத்துக்குப் புள்ளி வழங்குவதைத் தடுத்தது. தடை 2013 வரை நின்றது. ஐக்கிய அமெரிக்காவோ அரசாங்க ஊழியர் அம்மைல்களைத் தாமே வைத்துக்கொள்ளலாமென்று 2001ஆம் ஆண்டு முடிவிற் சட்டஞ் செய்தது. மூன்று நாடுகள், மூன்று நெறிகள். என் உள்ளம் நோர்வேயின் பக்கமே சாய்கின்றது.

வெளிநாடு செல்லவிருக்கும் நம் மாணவர் பலர் இத்தகைய தொழில்களிலேயே அமர்வர். சில ஆண்டுகளில் அவர்க்கும் வெள்ளி அட்டையொன்று அஞ்சலில் வரும். அன்று அவர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: சென்ற ஆண்டு இந்நிலையிலிருந்த நூறுபேருள் எத்துணைப்பேர், எந்த மார்க்கத்தில், எத்தனை முறை வகுப்பேறினர்? இக்கணக்குக் கம்பனியின் கணினியில் நாடோறும் இருக்கின்றது. திரையிற் பெயரை மூன்றெழுத்தாகக் காட்ட இயன்றவர்க்கு இவ்வெண்ணைக் காட்டுதல் அரிதன்று. அட்டைக்கு விண்ணப்பிக்கும் தாளின் முதற்பக்கத்திலேயே இதனை அச்சிடல் வேண்டுமென்று சட்டஞ் செய்தாற் போதும். விலையைக் குறைக்கவும் வேண்டா, கதிரையைக் கூட்டவும் வேண்டா. எண்ணைக் கண்டபின் எவரேனும் சனிக்கிழமை விடியலில் எழுந்து மறுகரைக்குப் பறப்பாராயின், அஃது அவர் விருப்பம்.

இக்கட்டுரையின் படியொன்றை நண்பருக்கு அனுப்பினேன். கருத்துகளுக்கு மறுப்பொன்றும் எழுதவில்லை. தம் பெயரையும் ஊரையும் நீக்கிவிடுமாறு மட்டும் வேண்டினார். நீக்கியிருக்கின்றேன்.