மின்சாரக் கார் சரி. மின் இணைப்பு எங்கே?

புது தில்லியில் குளிர்காலம் தொடங்கிவிட்டால், நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் கார் தவறாமல் இடம்பெறுகிறது. காற்று மாசு கடுமையாகும் நாள்களில் பி.எஸ்.-3 பெட்ரோல் கார்களுக்கும், பி.எஸ்.-4 டீசல் கார்களுக்கும் தடை விதிக்கப்படுகிறது. பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பழைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்கக் கூடாது என்று 2025 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த உத்தரவோ, மக்கள் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இத்தனை குழப்பத்துக்குப் பிறகு, அடுத்து வாங்குவது மின்சாரக் காராக இருக்கட்டும் என்று ஒரு குடும்பம் எண்ணினால் அதில் வியப்பில்லை.

எந்தக் கார் என்பதுதான் அடுத்த வினா. 2020-ல் டாடா நெக்ஸான், எம்.ஜி. இசட்.எஸ். என ஓரிரு பெயர்களே இருந்த எஸ்.யு.வி. ரகத்தில் இன்று போட்டி கடுமையாகிவிட்டது. மகிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ ஆகியவை 2024 நவம்பரில் அறிமுகமாயின. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியிலும், டாடா ஹாரியர் மின்சாரக் கார் அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. ஒவ்வொரு நிறுவனமும் முன்வைக்கும் முதல் வாதம், ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம்.

இந்தத் தூரம் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைப்பது. நெடுஞ்சாலை வேகம், ஏ.சி., குளிர்காலம், ஐந்து பேரின் எடை ஆகியவற்றைக் கணக்கிட்டால், அதில் முக்கால் பங்கை மட்டும் நம்புவதே விவேகம். 51.4 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட கிரெட்டாவுக்கு அறிமுகத்தின்போது சொல்லப்பட்ட 473 கி.மீ., இந்தக் கணக்கில் சுமார் 355 கி.மீ. ஆகிறது. தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கோ, சண்டீகருக்கோ இடைநில்லாமல் செல்ல அது போதும். 38 கிலோவாட் மணி பேட்டரியுடன் 332 கி.மீ. என அறிவிக்கப்பட்ட எம்.ஜி. விண்ட்சர் கார், ஜெய்ப்பூர் சேரும் முன் ஓரிடத்தில் நிற்க நேரிடும். பி.இ. 6-ன் 79 கிலோவாட் மணி பேட்டரிக்கு 680 கி.மீ.க்கும் அதிகம் என்கிறார்கள். ஆண்டில் இரண்டு முறை வெளியூர் செல்லும் குடும்பம் அந்தத் தூரத்துக்காகப் பல லட்சம் ரூபாய் கூடுதலாகத் தர வேண்டுமா என்பது யோசிக்கத்தக்கது.

வாடகைத் திட்டங்களையும் கணக்குப் போட்டே ஏற்க வேண்டும். விண்ட்சர் 2024 செப்டம்பரில் அறிமுகமானபோது, பேட்டரியுடன் ரூ. 13.50 லட்சம், பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் ரூ. 9.99 லட்சமும், கிலோமீட்டருக்கு ரூ. 3.50-ம் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் கி.மீ. ஓடியதும் விலை வித்தியாசம் வாடகையாகவே தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓட்டுபவருக்கு அது ஏழு ஆண்டுகளில் நேரும். அதற்கு முன்பே காரை மாற்றுபவருக்கே அத்திட்டம் ஆதாயம்.

விபத்துப் பாதுகாப்பில், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையின் நட்சத்திரங்கள் குடும்பங்களுக்கு நல்ல வழிகாட்டி. நெக்ஸான், கர்வ், ஹாரியர் ஆகியவற்றின் மின்சார வடிவங்களும், மகிந்திராவின் இரு கார்களும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், காரை விற்றால் அது அடுத்தவருக்கும் செல்லுமா என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஆனால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரவில் கார் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருக்கிறதா? தினமும் 40 கி.மீ. ஓட்டுவதற்குச் சுமார் 6 யூனிட் மின்சாரம் தேவை. வீட்டில் ஏ.சி.க்குப் பயன்படும் 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். அந்த வசதி உள்ளவருக்குச் சிறிய பேட்டரியே போதும். அது இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய பேட்டரியும் நிம்மதி தராது.

தனி வீடும் சொந்த வாசலும் உள்ளவர்களுக்கு இது ஒரு பிரச்னையே அல்ல. மயூர் விகாரிலும் ரோஹிணியிலும் தில்லி வளர்ச்சி ஆணையக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசித்து, தெருவோரம் கிடைத்த இடத்தில் காரை நிறுத்தும் குடும்பம் என்ன செய்யும்? சொந்த மின் இணைப்பிலேயே வாகனத்தை சார்ஜ் செய்துகொள்ளலாம் என மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறின. புதிய கட்டடங்களின் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என 2019-ல் மாதிரிக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. பழைய குடியிருப்புகளில் வாழும் லட்சக்கணக்கானோருக்கு இவற்றால் கிடைத்த பயன் குறைவே.

அரசின் சலுகையோ வேறு திசையில் செல்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. காரின் விலை எதுவானாலும் இதே விகிதம்தான். 2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, சிறிய பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40 சதவீதம். வரிக்கு முன் ரூ. 6 லட்சம் விலையுள்ள சிறிய பெட்ரோல் காரை வாங்குபவர் ரூ. 1.08 லட்சம் வரி கட்டுகிறார். ரூ. 20 லட்சத்துக்கு மின்சார எஸ்.யு.வி. வாங்குபவர் கட்டுவது ரூ. 1 லட்சம். இதை நியாயம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

திருச்சி சிவா தலைமையிலான தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 டிசம்பரில் இதற்கு ஒரு வழி காட்டியது. தனிநபர் மின்சாரக் கார்களுக்கும் ஊக்கத்தொகை வழங்கலாம். அதற்கு விலை, பேட்டரி அளவு அடிப்படையில் வரம்பு வேண்டும் என அது பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் ரூ. 10,900 கோடியில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் தனிநபர் கார்களுக்கு ஊக்கத்தொகை இல்லை. சார்ஜிங் நிலையங்களுக்கென ரூ. 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. அந்த நிதியும் முயற்சியும் நெடுஞ்சாலையோடு நின்றுவிடாமல் குடியிருப்புகளின் வாசலுக்கு வர வேண்டும்.

வரிச் சலுகைக்கு விலை வரம்பு விதித்து, மிச்சமாகும் பணத்தில் பழைய குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களுக்கு மின் இணைப்பு தரலாம். குடியிருப்போர் சங்கம் காரணமின்றி மறுக்க முடியாதவாறு சார்ஜ் செய்யும் உரிமையைச் சட்டமாக்கலாம். அதுவரை, காட்சியறைக்குச் செல்லும் குடும்பம் முதலில் தன் வாகன நிறுத்துமிடத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் செல்வது நல்லது. அங்கே பிளக் இருந்தால், சிறிய பேட்டரியும் ஐந்து நட்சத்திரமும் உள்ள காரைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். இல்லையெனில், காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு எழுதுவதே முதல் வேலை.