எச்சரிக்கை மக்களுக்கு, பொறுப்பு யாருக்கு?

அமெரிக்காவில் ஓர் உழைப்பாளிக் குடும்பம் வீடு வாங்குகிறது. கடன் போகத் தன் கையிலிருந்து தர வேண்டிய தொகையை, கிரயம் முடியும் நாளுக்குள் வங்கி வழியாக அனுப்பியாக வேண்டும். அத்தருணத்தில், கிரயத்தை முடித்துத் தரும் நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வருகிறது: கணக்கு எண் மாறிவிட்டதாம். புதிய எண்ணுக்கு அனுப்பிய பல்லாண்டுச் சேமிப்பு மோசடிக்காரரிடம் போய்ச் சேர்கிறது.

பணம் அனுப்பும் முன், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள் என்கிறார்கள். அறிவுரை சரியே. ஆனால், பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கடமை வங்கிக்கு இல்லையா? இல்லை என்கிறது சட்டம். அங்குள்ள ஒருசீர் வணிகச் சட்டத்தொகுப்பின் 4-ஏ அத்தியாயப்படி, முரண்பாட்டை அறியாதவரை, பணம் பெறும் வங்கி எண்ணை மட்டுமே நம்பிச் செயல்படலாம். சரிபார்க்காத வங்கிக்குப் பாதுகாப்பு. நம்பிய குடும்பத்துக்கு இழப்பு!

இது மாற்ற முடியாத விதியன்று. பிரிட்டனில் 2020 முதல் பெயர்ச் சரிபார்ப்பு நடைமுறையில் உள்ளது. 2024 அக்டோபர் 7 முதல், இவ்வாறு ஏமாற்றப்பட்டோருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைச் சரிபாதியாக ஏற்கின்றன.

இந்தியாவில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களில் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்த ரிசர்வ் வங்கி பணித்தது. பெயரைக் காட்டியதோடு வங்கியின் கடமை முடிந்துவிடலாகாது. மோசடிக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கியும் இழப்பை ஏற்க வேண்டும். அக்கோரிக்கையை உரக்க எழுப்புவோம்.