சூட்டில் மட்டுமே தெரியும் நோய்

பழைய வண்டி வைத்திருப்போருக்கு மட்டுமே வாய்க்கும் துன்பம் ஒன்று உண்டு. காலையில் முதல் திருப்பிலேயே கிளம்பும் வண்டி, போன இடத்தில் அணைத்துக் கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் கிளம்பாது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். பட்டறைக்கு மறுநாள் கொண்டுபோனால் அங்கே அதனிடம் ஒரு குறையும் இராது. பேட்டரி மாறும், காயில் மாறும், நோய் மாறாது. சூட்டில் வரும் நோயைச் சூட்டில்தான் பார்க்க வேண்டும் என்ற எளிய நியதியை நாம் மறந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் குறை.

அம்பாசடர் இதற்கு நல்ல உதாரணம். 2014இல் அதன் தயாரிப்பு நின்றுபோனாலும், ஆசையோடு காப்பாற்றி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. கார்புரேட்டருக்கு அடுப்பை ஒட்டிக் குடியிருக்கும் நிலைமை. ஆடி அமாவாசைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோவிலுக்கு வரும் வண்டியை எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடும்வரை காற்று அதைக் காப்பாற்றுகிறது. ஊர் எல்லையில் நெரிசலில் ஊர்ந்து, பின் அணைக்கப்பட்டதும் விசிறியும் தண்ணீர்ச் சுழற்சியும் ஒருசேர நின்றுவிடுகின்றன. எஞ்சினில் தேங்கிய சூடு மேலேறி, பானெட்டுக்கு அடியில் ஓடும்போது இருந்ததைவிட அதிக வெப்பம் சேர்கிறது. அணைத்த கையோடு திருப்பினால் கிளம்பும் வண்டி, கால் மணி கழித்து முரண்டு பிடிப்பது இதனால்தான்.

பெட்ரோலின் இலகுவான பகுதிகள் 40 பாகைக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவி பம்பிலோ குழாயிலோ அடைத்துக்கொண்டால் பெட்ரோல் வராது. நம் மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மாறாக, கார்புரேட்டரின் தொட்டியில் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்தால் அளவுக்கு மிஞ்சிய பெட்ரோலில் பிளக் நனைந்துபோகும். ஒன்று பட்டினி, மற்றொன்று அஜீரணம். வெளியில் தெரியும் அடையாளம் ஒன்றே, வைத்தியமோ நேரெதிர். முதலாவதற்குப் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட வேண்டும். இரண்டாவதற்கு, சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் ஊற்றுகிறோம் என்று பொருள்.

மூன்றாவது சந்தேகம் மின்சாரத்தின் மேல். செம்புக் கம்பி 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். நலிந்த காயிலும் கசியும் கன்டென்சரும் குளிரில் சமாளித்துச் சூட்டில் கைவிரிக்கும். செல்ஃப் மோட்டாரே மந்தமாகச் சுற்றினால் அதன் கம்பிச்சுற்றையும் பேட்டரியின் எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி இறுகிப்போயிருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் குறையும் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, கிளம்பாமல் நிற்கும் அந்த வேளையிலேயே மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா? பிளக்கில் நீலப்பொறி தெறிக்கிறதா? கழற்றிய பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? பெட்ரோல் வாடை கமழும் இடத்தில் பொறி பார்க்கக் கூடாது, கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பவை இவற்றுக்கும் முந்தியவை.

2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியபின், எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் கெடுக்கும் என்பதும், கலப்பு எரிபொருளின் ஆவியாகும் குணம் வேறு என்பதும் மெய்தான். குழாய்களை மாற்றுவது நல்லது. ஆனால் பிளக்கில் பொறியே இல்லாத வண்டிக்கு எத்தனாலைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணத்தைத் தேடுவதும் குற்றவாளியைத் தேடுவதும் ஒன்றல்ல.

பட்டறைக்காரர்களை மட்டும் நோவதும் சரியல்ல. ஒரு மணி நேரம் வண்டியோடு காத்திருந்து நோயைக் கண்டுபிடிப்பவருக்கு நாம் கூலி கொடுப்பதில்லை, மாற்றிய பாகத்துக்கே கொடுக்கிறோம். பிறகு அவர் பாகத்தை மாற்றாமல் வேறென்ன செய்வார்? நோய் தெரியாமலே செலவு ஏறி, கடைசியில் 'வயசாகிப்போச்சு' என்ற தீர்ப்போடு நல்ல எஞ்சின்கள் எடைக்குப் போகின்றன. பத்து ரூபாய்க் குழாய்க்கோ தளர்ந்த ஒரு இணைப்புக்கோ விதிக்கப்படும் மரண தண்டனை அது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அணைத்து எத்தனை நிமிடத்தில் கிளம்பவில்லை, எத்தனை நிமிடத்தில் கிளம்பியது என்று குறித்து வையுங்கள். பட்டறைக்குப் போகும்முன் பத்து மைல் ஓட்டி, சூடு தணியாமல் கொண்டுபோய் நிறுத்துங்கள். பார்க்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.